பூத் வேலை, தெருமுனைக் கூட்டம், செலவு நோட்டு: வாசகர் கேள்வி பதில்

தேர்தல் ஆண்டு. வந்த கடிதங்களில் கட்சியின் அடிமட்ட வேலை பற்றியவற்றை மட்டும் இந்த இதழுக்கு எடுத்திருக்கிறோம். எந்தக் கட்சி என்று சொல்லாமல் எழுதியவர்களுக்கு நன்றி. எல்லாக் கட்சிக்கும் பதில் ஒன்றுதான்.

கேள்வி: எங்கள் பாகத்தில் (ஒரு வாக்குச்சாவடிக்கு உட்பட்ட பட்டியல் பகுதி) 1,100 வாக்காளர்கள். 12 பேர் கொண்ட பூத் கமிட்டி போட்டுத் தலைமைக்குப் பட்டியலும் அனுப்பிவிட்டோம். ஆனால் யாருக்கும் என்ன வேலை என்று தெரியவில்லை. எங்கிருந்து தொடங்குவது?
(கிளைச் செயலாளர், திருவாரூர் மாவட்டம்)

கமிட்டிப் பட்டியலை எடுத்து வையுங்கள். உங்களுக்கு வேண்டியது வாக்காளர் பட்டியல். அதில் ஒரு பக்கத்துக்கு 30 பெயர். உங்கள் பாகம் ஏறக்குறைய 37 பக்கம் வரும். ஆளுக்கு மூன்று பக்கம் என்று கிழித்துக் கொடுப்பது பல ஊரில் வழக்கம். அங்கேதான் முதல் கோளாறு. பட்டியல் வீட்டு எண் வரிசையில் இருப்பதாகத் தோன்றும். ஆனால் பழைய கதவு எண், புதிய கதவு எண், பிறகு சேர்ந்தவர்கள் என்று கலந்து, ஒரே குடும்பத்தின் அப்பா நான்காம் பக்கத்திலும் மருமகள் முப்பதாம் பக்கத்திலும் இருப்பார்கள். ஆகவே முதலில் இரண்டு பேர் உட்கார்ந்து பட்டியலைத் தெருவாரியாக, வீடுவாரியாக ஒரு நோட்டில் பிரித்து எழுத வேண்டும். நான்கைந்து மாலை பிடிக்கும். 1,100 பேர் என்றால் சுமார் 300 வீடு. பன்னிரண்டு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 25 வீடு. அதே தெருக்காரருக்கு அதே தெரு.

நோட்டில் ஆறு பத்தி போதும்: வீடு, வரிசை எண்கள், தொலைபேசி, ஊரில் இருப்பவரா வெளியூரா, உதவி தேவைப்படும் முதியவர் உண்டா, நிலை. சாதிக்கு ஒரு பத்தி போடச் சொல்லி யாராவது நச்சரிப்பார்கள். போடாதீர்கள். அந்த நோட்டு என்றைக்காவது ஒருநாள் டீக்கடை மேசையில் மறந்து வைக்கப்படும்.

மாலை ஆறரைக்குப் பிறகு போனால் ஒரு நாளைக்குப் பத்து வீடு முடியும். 25 வீட்டுக்கு மூன்று மாலை. முதல் சுற்றில் ஓட்டுக் கேட்க வேண்டாம். பட்டியலைச் சரிபார்க்க மட்டும் போங்கள். பதினெட்டு நிறைந்தும் பெயர் சேராதவருக்குப் படிவம் 6. இறந்தவர் பெயரை நீக்கப் படிவம் 7. முகவரி மாற்றம், பிழை திருத்தம் என்றால் படிவம் 8. வயதைக் கணக்கிட இப்போது ஆண்டுக்கு நான்கு தகுதி நாள் உண்டு: ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1. இது தெரியாமல் "அடுத்த ஜனவரியில் பார்த்துக்கலாம்" என்று பிள்ளைகளைத் திருப்பி அனுப்பியவர்கள் நிறைய.

அங்கீகரிக்கப்பட்ட கட்சி என்றால் பாக முகவரை எழுத்து மூலம் நியமித்து வையுங்கள். அவர் ஒரு நாளைக்கு 10 படிவம் வரை வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் மொத்தமாகக் கொடுக்கலாம். மொத்தம் 30-ஐத் தாண்டினால் வாக்காளர் பதிவு அலுவலர் தனியாகச் சரிபார்ப்பார். அதனால் கடைசி வாரத்தில் நூறு படிவத்தோடு போய் நிற்பதில் பயனில்லை. வேட்புமனுவின் கடைசி நாளோடு பட்டியல் மூடிவிடும். விசாரணைக்கு அவகாசம் வேண்டும் என்பதால் அதற்குப் பத்து நாள் முன்பே படிவம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

படிவம் 7 விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. எதிர்க்கட்சிக்காரர் வீடு என்பதற்காக "இங்கே குடியில்லை" என்று எழுதிக் கொடுக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. பொய் உறுதிமொழிக்கு ஓராண்டு வரை சிறை, கையெழுத்துப் போட்ட உங்கள் ஆளுக்கு.

நிலைப் பத்தியில் ஆதரவு, ஊசல், எதிர் என்று மூன்று குறி. இங்கேதான் எல்லாக் கமிட்டியும் ஏமாறுகிறது. வாசலில் சிரித்து, தண்ணீர் கொடுத்து, "உங்களுக்குத்தாம்பா" என்று சொன்னவரை எல்லாம் ஆதரவு என்று குறித்துவிடுகிறார்கள். வருகிற எல்லாருக்கும் அவர் அதைத்தான் சொல்லியிருப்பார். தானாக ஒரு வேலையை ஏற்றவர், அதாவது பக்கத்து வீட்டுக்குத் துண்டறிக்கை கொடுக்கிறேன் என்றோ வெளியூர்ப் பிள்ளையின் எண்ணைத் தருகிறேன் என்றோ சொன்னவர் மட்டுமே ஆதரவு. மற்ற எல்லாரும் ஊசல். இரண்டாம் சுற்றில் பத்து வீட்டுக்கு ஒரு வீடு என்று வேறொருவரை அனுப்பிப் பாருங்கள். குறி மாறினால் அந்தத் தெரு முழுவதையும் மறுபடி பார்க்க வேண்டும்.

85 வயது கடந்தவர்களும் 40 சதவீதத்துக்குக் குறையாத மாற்றுத்திறன் உள்ளவர்களும் வீட்டிலிருந்தே வாக்களிக்கலாம். தேர்தல் அறிவிக்கை வெளியான ஐந்து நாளுக்குள் படிவம் 12டி கொடுத்தாக வேண்டும். அந்த ஐந்து நாளில் பெயர் தேட முடியாது. இப்போதே நோட்டில் வட்டம் போட்டு வையுங்கள். வெளியூரில் வேலை பார்ப்பவர்களுக்கு, வாக்குப்பதிவு நாள் சம்பளத்தோடு கூடிய விடுமுறை என்பதை நினைவூட்டுங்கள். பேருந்துக் கட்டணம் கொடுக்க ஆசைப்பட வேண்டாம். அது லஞ்சக் கணக்கில் போய் உட்காரும்.

கேள்வி: இளைஞர் அணி சார்பில் இலவசக் கண் சிகிச்சை முகாமும் கபடிப் போட்டியும் நடத்தத் திட்டம். நடுவில் தேர்தல் தேதி அறிவித்துவிட்டால் என்ன ஆகும்?
(ஒன்றிய இளைஞர் அணி, தர்மபுரி மாவட்டம்)

தேதி அறிவித்த நொடியிலிருந்து தேர்தல் நடத்தை விதி அமலுக்கு வரும். ஆனால் வாக்குக்காகப் பொருள் கொடுப்பது அதற்கு முன்பும் குற்றம்தான். "அறிவிப்புக்கு முந்தி என்ன வேணாலும் குடுக்கலாம்" என்பது தவறான நம்பிக்கை.

கபடி எளிது. லீக் வைத்து மூன்று வாரம் இழுக்காமல் ஒரே சனி, ஞாயிறில் முடியுங்கள். பரிசுத்தொகைக்குப் பதிலாகக் கோப்பை போதும். கோப்பையில் வேட்பாளராகக்கூடியவர் படம் வேண்டாம். வண்டியில் கோப்பை, பனியன் கொண்டுபோகும்போது ரசீது கூடவே இருக்கட்டும். அறிவிப்புக்குப் பின் கட்சிக்காரர் வண்டியில் 10,000 ரூபாய்க்கு மேல் பரிசுப் பொருளோ 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமோ இருந்தால் பறக்கும் படை பறிமுதல் செய்யலாம்.

சிக்கல் கண் முகாமில்தான், அதுவும் முகாம் நாளில் இல்லை. ஒரு பரிசோதகர் ஆளுக்கு நான்கு நிமிடம் எடுத்தால் மணிக்கு 15 பேர். இரண்டு மேசை, ஐந்து மணி நேரம் என்றால் 150 பேர். அதற்கு மேல் டோக்கன் கொடுத்தால் மாலையில் சண்டை. பெயர்ப் பதிவைப் பகல் பன்னிரண்டு மணியோடு நிறுத்துங்கள். கண்புரை உள்ளவர்களுக்குச் சர்க்கரை, இரத்த அழுத்தம் பார்த்து, அறுவைச் சிகிச்சைக்கான தேதியை அங்கேயே எழுதிக் கொடுக்க வேண்டும். தேதி கிடைக்காத பாட்டி அடுத்த ஆறு மாதம் உங்கள் கொடியைப் பார்த்தாலே திட்டுவார்.

கண்ணாடி தயாராகி வர இரண்டு மூன்று வாரம் ஆகும். அதற்குள் தேதி அறிவித்துவிட்டால், கட்சி ஆள் பெட்டியோடு வீடு வீடாகக் கண்ணாடி கொடுப்பது வாக்காளருக்குப் பரிசு கொடுப்பதாகவே பார்க்கப்படும். ஆகவே முகாம் அன்றே, கண்ணாடியை மருத்துவமனையே நேரடியாக நோயாளியிடம் சேர்க்கும் என்று எழுத்தில் பேசி முடித்துவிடுங்கள். உறையில் கட்சிப் பெயர் கூடாது.

கேள்வி: கோயில் திருவிழா அன்னதானத்தில் எங்கள் வேட்பாளர் கலந்துகொள்ளலாமா?
(விருதுநகர் மாவட்டம்)

சாதாரண பக்தராகப் போகலாம், சாப்பிடலாம். மைக் பிடிக்கக் கூடாது, நன்கொடை அறிவிக்கக் கூடாது, கோயிலில் ஓட்டுக் கேட்கக் கூடாது. பந்தி செலவை அவர் ஏற்றால் அது தேர்தல் செலவாகவோ லஞ்சமாகவோ எழுதப்படும்.

கேள்வி: தெருமுனைக் கூட்டத்துக்கு அனுமதி, இட ஏற்பாடு பற்றிச் சொல்லுங்கள். போன முறை நெரிசலில் இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள்.
(வட்டப் பொறுப்பாளர், மதுரை)

நடத்தை விதி அமலில் இருந்தால் தேர்தல் ஆணையத்தின் சுவிதா இணையதளத்தில் குறைந்தது 48 மணி நேரம் முன்பே விண்ணப்பியுங்கள். முதலில் வந்தவருக்கே இடம். ஒலிபெருக்கிக்கு அனுமதி தனி. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை கிடையாது. தெருவிளக்குக் கம்பத்தில் கொக்கி போட்டு மின்சாரம் எடுப்பது திருட்டு, ஆளையும் கொல்லும். தற்காலிக இணைப்பு வாங்குங்கள், இல்லாவிட்டால் ஜெனரேட்டர்.

மயக்கத்துக்கு வருவோம். தெரு 6 மீட்டர் அகலம், கூட்டம் 30 மீட்டர் நீளம் என்று வையுங்கள்: 180 சதுர மீட்டர். ஆம்புலன்ஸ் வர 2 மீட்டர் வழியைக் கயிறு கட்டி ஒதுக்கினால் மிச்சம் 120. ஒரு நாற்காலிக்குக் காலிடமும் சேர்த்து 0.8 சதுர மீட்டர் என்றால் 150 நாற்காலி. நின்று கேட்பதானால் சதுர மீட்டருக்கு இரண்டு பேர், அதாவது 240 பேர். சதுர மீட்டருக்கு நான்கைத் தாண்டினால் ஆள் தன் விருப்பத்துக்கு நகர முடியாது. ஐந்துக்கு மேல் போனால் கூட்டம் அலைபோலத் தள்ளும். விழுந்தவர் எழுந்திருக்க முடியாது.

இடத்தைவிடப் பெரிய குற்றவாளி நேரம். ஐந்து மணி என்று அறிவித்து ஒன்பதுக்குப் பேச்சாளர் வந்தால் நான்கு மணி நேரம் ஆட்கள் சேர்ந்துகொண்டே இருப்பார்கள், யாரும் வெளியே போக மாட்டார்கள், தண்ணீர் தீர்ந்திருக்கும். பிறகு வண்டியைப் பார்த்ததும் எல்லாரும் ஒரே பக்கம் நகர்வார்கள். 2025 செப்டம்பர் 27 அன்று கரூரில் நெரிசலில் 41 பேர் இறந்த பிறகு இதைத் தனியாக விளக்கத் தேவையில்லை. பேச்சாளர் தாமதம் என்று தெரிந்தால் மைக்கில் உண்மையான நேரத்தைச் சொல்லுங்கள். பாதிப் பேர் வீட்டுக்குப் போய்விட்டு வருவார்கள், போகட்டும். தெருவின் இரு முனையும் திறந்திருக்க வேண்டும். அழகுக்காக ஒரு முனையை அடைத்து மேடை போடுவதை நிறுத்துங்கள், பக்கவாட்டில் போடுங்கள். 200 பேருக்கு இருபது லிட்டர் கேன் ஐந்து, இரண்டு இடத்தில் பிரித்து வையுங்கள். மேடைக்கு அருகில் எல்லாக் கேனையும் அடுக்கினால் கடைசி வரிசைக்குச் சொட்டும் வராது. கொடி பிடிக்கவோ கோஷம் போடவோ பிள்ளைகளை நிறுத்தாதீர்கள். குழந்தைகளைப் பிரசாரத்தில் ஈடுபடுத்தக் கூடாது என்று தேர்தல் ஆணையம் 2024 பிப்ரவரியிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிட்டது.

கேள்வி: துண்டறிக்கை 5,000 அச்சடித்தோம். அச்சகத்தின் பெயர் இல்லை என்று பிடித்துவிட்டார்கள். இவ்வளவு சின்ன விஷயத்துக்கா?
(சேலம்)

சட்டத்தில் இது சின்ன விஷயம் இல்லை. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 127ஏ: அச்சிட்டவர், வெளியிட்டவர் இருவரின் பெயரும் முகவரியும் முகப்பில் இருக்க வேண்டும். வெளியிடுபவர் உறுதிமொழியில் கையெழுத்திட்டு, அவரை நேரில் அறிந்த இருவர் சான்றொப்பத்தோடு இரண்டு படி அச்சகத்தில் கொடுக்க வேண்டும். மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஜெராக்ஸ் போட்டாலும் இதே விதி. கையால் எழுதிய படிக்கு மட்டும் விலக்கு. பெரும்பாலும் நடப்பது என்னவென்றால், வடிவமைப்பாளர் தலைவர் படத்தைப் பெரிதாக்க இடம் தேடி அடிவரியை நீக்கிவிடுகிறார். அச்சுக்குப் போகும் முன் கடைசிப் படியைப் பார்க்கும் வேலையை ஒருவரிடம் ஒப்படையுங்கள்.

கேள்வி: நடக்க முடியாத முதியவர்களைக் கட்சி ஆட்டோவில் அழைத்துப் போகலாமா?
(நாகர்கோவில்)

கூடாது. வாக்காளரை ஏற்றிச் செல்லக் கட்சியோ வேட்பாளரோ வண்டி ஏற்பாடு செய்வது ஊழல் நடவடிக்கை. அவர்கள் குடும்பத்தார் சொந்தமாக அழைத்து வரலாம்.

கேள்வி: டீ, நாற்காலி, வேன் வாடகை எல்லாம் கிளையிலேயே போட்டுச் செய்கிறோம். இதை யார் கணக்கெழுதுவது?
(தஞ்சாவூர் மாவட்டம்)

வேட்புமனு நாள் முதல் முடிவு அறிவிக்கும் நாள் வரை வேட்பாளருக்காகச் செய்யும் செலவு அவர் கணக்கில் வர வேண்டும். தமிழகச் சட்டமன்றத் தொகுதிக்கு உச்சவரம்பு 40 லட்சம். வெள்ளைத் தாளில் அன்றாடக் கணக்கு, இளஞ்சிவப்பில் ரொக்கம், மஞ்சளில் வங்கி என்று பதிவேடு மூன்று பகுதியாக இருக்கும். ஒருவருக்கோ ஒரு கடைக்கோ தேர்தல் முழுவதிலும் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் தரக் கூடாது. மீதி காசோலையிலோ வங்கி வழியாகவோ.

உங்கள் கிளை செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. தினமும் இரவு ஒன்பதுக்குள் ஒரு சீட்டு: இடம், பொருள், எண்ணிக்கை, விலை, கடை. தேர்தல் செலவுக் குழு கூட்டத்தை வீடியோ எடுத்து நாற்காலியை எண்ணி, மாவட்ட விலைப்பட்டியலால் பெருக்கித் தனியாக நிழல் பதிவேடு வைத்திருக்கும். உங்கள் சீட்டில் 100 நாற்காலி, அவர்கள் வீடியோவில் 300 என்றால் பதில் சொல்ல வேண்டியவர் வேட்பாளர். "தெரிந்த பையன் சும்மா கொடுத்தான்" என்றாலும் விலை ஏறும். முடிவு அறிவித்த 30 நாளுக்குள் கணக்குத் தாக்கல் செய்யாவிட்டால் மூன்றாண்டு வரை போட்டியிடத் தடை வரலாம்.

கேள்வி: முதல் முறையாக வாக்குச்சாவடி முகவராக உட்காரப் போகிறேன். என்ன செய்ய வேண்டும்?
(கல்லூரி மாணவி, பெரம்பலூர்)

படிவம் 10-இல் வேட்பாளரோ தலைமை முகவரோ கையெழுத்திட்டதைக் கையில் வைத்திருங்கள். வாக்குப்பதிவு ஏழு மணிக்கு என்றால் மாதிரி வாக்குப்பதிவு ஐந்தரைக்குத் தொடங்கும். தாமதமானால் உங்களுக்காகக் கால் மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க மாட்டார்கள். குறைந்தது 50 வாக்கு போட்டுப் பார்ப்பார்கள். அதன்பின் கட்டுப்பாட்டுக் கருவியில் பழைய கணக்கை அழித்துப் பூச்சியம் காட்டினார்களா, வாக்கைச் சீட்டில் அச்சிட்டுக் காட்டும் விவிபேட் பெட்டியிலிருந்து மாதிரிச் சீட்டுகளை எடுத்தார்களா என்று கண்ணால் பாருங்கள். கருவி எண், பச்சைக் காகித முத்திரை எண் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கைப்பேசி, கட்சித் துண்டு, சின்னம் எதுவும் உள்ளே வேண்டாம். பட்டியல் படியில் வாக்களித்தவரைக் குறிக்கலாம். அந்தப் படி வெளியே போகக் கூடாது. மாற்று முகவர் வந்தால் அவரிடம் அங்கேயே ஒப்படையுங்கள். வேறொருவர் பெயரில் வாக்களிக்க வந்திருக்கிறார் என்று உறுதியாகத் தெரிந்தால் 2 ரூபாய் கட்டி ஆட்சேபிக்கலாம். சும்மா சந்தேகத்துக்கு வேண்டாம், வரிசை நிற்கும், ஊரும் கோபிக்கும்.

வெளியே மேசை போடும் தோழர்களுக்கு: வாக்குச்சாவடியிலிருந்து 200 மீட்டர் தள்ளி என்று இருந்ததை ஆணையம் 2025 மே மாதம் 100 மீட்டராகக் குறைத்தது. அங்கே தரும் சீட்டு வெறும் வெள்ளைத் தாளில் இருக்க வேண்டும், சின்னமோ வேட்பாளர், கட்சிப் பெயரோ கூடாது.

மாலையில் பசியும் களைப்புமாக எழுந்து வந்துவிடாதீர்கள். வாக்குப்பதிவு முடிந்ததும் வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் படிவம் 17சி-யின் நகலைத் தருவார். பதிவான மொத்த வாக்கும் முத்திரை எண்களும் அதில் இருக்கும். நீங்கள் குறித்ததோடு ஒப்பிட்டு, அன்றிரவே தலைமை முகவரிடம் சேர்த்து, வாங்கியதாக அவரிடம் ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். எண்ணிக்கை நாளில் அதே கருவியை மேசைக்குக் கொண்டுவரும்போது, உங்கள் கட்சி முகவர் கையில் ஒப்பிட அந்தத் தாள்தான் இருக்கும்.