பேப்பர் இல்லாத ஈ-டைப்புக்கு முழு விலையா?

1966 ஜாகுவார் ஈ-டைப் (பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்), வண்டி சுத்தமாக இருக்கிறது, ஆனால் சர்வீஸ் புத்தகம், பழைய பில் எதுவும் இல்லை, விற்பவர் முழு விலை கேட்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். நான் கொடுக்க மாட்டேன். மீட்டரில் தெரியும் ஓட்டமும் 'ஒரிஜினல் இன்ஜின்' என்ற பேச்சும் பேப்பர் இல்லாவிட்டால் வெறும் வாய்வார்த்தைதான். முதலில் ஜாகுவாரின் பழைய பதிவேடுகளை வைத்திருக்கும் ஜாகுவார் டெய்ம்லர் ஹெரிட்டேஜ் ட்ரஸ்டில் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். தொழிற்சாலைப் பதிவேட்டில் உள்ள சேஸிஸ், இன்ஜின், கியர்பாக்ஸ் எண்கள், முதல் நிறம், அனுப்பிய தேதி எல்லாம் அதில் வரும், அப்புறம் வண்டியிலேயே பொறித்திருக்கும் எண்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பாருங்கள் (இந்த எண்கள் எழுதி வண்டியில் பொருத்தியிருக்கும் தகட்டை மட்டும் நம்பாதீர்கள், அதை மாற்றுவது சுலபம்). எண்கள் பொருந்தினாலும் இடையில் யார் வைத்திருந்தார், எங்கே மோதியது என்பதெல்லாம் அதில் இருக்காது. அந்த இடைவெளிக்குத்தான் பேரம் பேச வேண்டும். முந்தைய உரிமையாளர் வீட்டுப் பரணில் ஒரு கட்டு பில் கிடக்கலாம், அவரைப் பற்றியும் விசாரியுங்கள்.