வினாத்தாளைப் பார்த்ததும் படித்ததெல்லாம் மறந்துபோவது ஏன்? அந்த நேரத்தில் என்ன செய்வது?

படித்தது அழிந்துபோவதில்லை, அந்த நிமிடம் கைக்கு எட்டவில்லை, அவ்வளவுதான். பதற்றத்தில் அட்ரினலின், கார்ட்டிசால் என்ற ஹார்மோன்கள் உடலில் கூடுகின்றன. கார்ட்டிசால் அதிகமானால் நினைவிலிருந்து எடுப்பது கடினமாகும். ‘ஃபெயிலானால்?’ என்ற கவலை, கணக்கின் இடைப்படிகளை மனதில் வைத்திருக்க வேண்டிய இடத்தையும் பிடித்துக்கொள்ளும்.

‘மூச்சை நல்லா இழுத்து விடு’ என்பார்கள். அரைகுறை அறிவுரை அது. வேகவேகமாக ஆழ இழுத்தால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து தலை சுற்றும், விரல் நுனி மரத்துப்போகும். பயம் இன்னும் ஏறும். பேனாவைக் கீழே வையுங்கள். மூக்கால் 4 எண்ணும் வரை மெதுவாக இழுத்து, 6 எண்ணும் வரை விடுங்கள். ஆறு முறை போதும், ஒரு நிமிடம்தான் ஆகும்.

பிறகு, நன்றாகத் தெரிந்த கேள்வி எந்த எண்ணில் இருந்தாலும் அதில் தொடங்குங்கள். மறந்துவிடுமோ என்று பயப்படும் சூத்திரங்களை முதலிலேயே ரஃப் பகுதியில் எழுதிவிடுங்கள். பதில் வரவில்லையென்றால் அந்தப் பாடத்தில் நினைவுக்கு வரும் சொற்களைக் கிறுக்குங்கள். ஒன்று இன்னொன்றை இழுத்துவரும். வரவில்லையா, இடம் விட்டுவிட்டு நகருங்கள். 3 மணி நேரம், 100 மதிப்பெண் என்றால், சரிபார்க்க 10 நிமிடம் போக 5 மதிப்பெண் கேள்விக்கு எட்டரை நிமிடம்தான்.

வீட்டில் புத்தகத்தை மூடி, கடிகாரம் வைத்து எழுதிப் பழகாதவர்களுக்கே இந்தத் தடுமாற்றம் அதிகம். திரும்பத் திரும்ப வாசித்தால் ‘தெரியும்’ என்ற எண்ணம்தான் வரும். ஒவ்வொரு தேர்விலும் வாந்தி, மயக்கம் வரை போனால் மனநல ஆலோசகரைப் பாருங்கள்.