அறம் தோற்கும் கதைகள்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் மார்க்கி தெ சாத் எழுதிய ‘ஜுஸ்தின்’ என்னும் பிரெஞ்சு நாவலை அறிமுகப்படுத்தியிருந்தோம். நற்குணம் மாறாத அநாதைப் பெண் ஒருத்தி போகுமிடமெல்லாம் வதைபடுவதும், அவளை வதைத்தவர்கள் செழித்து வாழ்வதுமே அதன் கதை. அது குறித்து மொரீசியஸின் பல ஊர்களிலிருந்தும் கடிதங்கள் வந்துள்ளன. சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

ஓர் ஆசிரியை, ரோஸ் ஹில்: நல்லவள் கடைசிவரை துன்பப்பட்டு மின்னல் தாக்கிச் சாகிறாள், தீய வழியில் போன அவளுடைய அக்கா ஜூலியத் சீமாட்டி ஆகிறாள். நல்லவராக இருப்பதில் பயனில்லை என்பதுதானே இந்நூல் சொல்வது? பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு இலக்கியம் பயிலும் என் மகள் இதைப் படிக்கிறாள் என்பதால் கேட்கிறேன்.

உங்கள் கவலை நியாயமானது, அம்மா. நூலில் வரும் கொடியவர்கள் அனைவரும் நீங்கள் சொல்லும் அந்த முடிவையே பக்கம் பக்கமாகப் பேசுகிறார்கள். ஆனால் பாத்திரங்கள் வாதிடுவது வேறு, கதை நம் கண்முன் வைப்பது வேறு.

அந்தக் காலத்து வாசகர்கள் எத்தகைய கதைகளுக்குப் பழகியிருந்தார்கள் என்பதை முதலில் பார்க்க வேண்டும். 1740இல் இங்கிலாந்தில் ரிச்சர்ட்சன் வெளியிட்ட ‘பமீலா’வில், எஜமானனின் ஆசைக்கு இணங்க மறுக்கும் பணிப்பெண் கடைசியில் அவனையே மணந்து சீமாட்டி ஆகிறாள். நற்குணத்துக்குப் பரிசு கிடைத்த கதை என்று தலைப்பிலேயே பறைசாற்றிக்கொண்ட அந்நூலை ஐரோப்பா தலைமேல் வைத்துக் கொண்டாடியது. சாத் 1787இல் பஸ்தில் சிறையில் இருந்தபோது எழுதத் தொடங்கி, விரித்தெழுதி, 1791இல் தம் பெயரைப் போடாமல் வெளியிட்ட நாவல் இந்தக் கணக்கைத்தான் கலைத்துப்போடுகிறது. வட்டிக்காரன் ஒருவனுக்காகத் திருட மறுத்ததால் ஜுஸ்தின் மீதே திருட்டுப் பழி விழுகிறது. கொள்ளையரிடமிருந்து அவள் காப்பாற்றிய வணிகனே அவளைக் கெடுத்து, கையில் இருந்ததையும் பறித்துக்கொண்டு போகிறான்.

இத்தனைக்குப் பிறகும் அடுத்தவன் அடிபட்டுக் கிடப்பதைக் கண்டால் அவள் ஓடிப்போய்த் தூக்குகிறாள். பலனை எதிர்பார்த்துச் செய்தவளாக இருந்தால் முதல் நஷ்டத்திலேயே கடையை மூடியிருப்பாள். அறத்துக்குக் கூலி உண்டு என்ற நம்பிக்கையைத்தான் இந்நூல் உடைக்கிறது. அறத்தை அது உடைத்துவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. நம் வள்ளுவரும் இந்த உண்மையை மறைத்தவர் அல்லர். ‘அவ்விய நெஞ்சத்தான் ஆக்கமும் செவ்வியான் கேடும் நினைக்கப் படும்’ என்ற குறளில், பொறாமைக்காரன் செழிப்பதும் நேர்மையானவன் கெடுவதும் உலகில் உண்டென்று ஒப்புக்கொண்டு, அதை ஆராய்ந்து பார்க்கும் பொறுப்பை நம்மிடம் விடுகிறார். பரிமேலழகர் அதற்குப் பழவினையைக் காரணம் காட்டுவார். ஜுஸ்தினுக்கு அந்த ஆறுதலும் இல்லை.

பள்ளிப் பிள்ளைகள் கையில் கொடுக்கத்தக்க நூல் அன்று இது. பாலியல் கொடுமைகள் விரிவாக வருகின்றன. உங்கள் மகள் வயது வந்தவர். தடுப்பதைவிட, நீங்களும் படித்துவிட்டு அவரோடு பேசுவதே நல்லது.

ஒரு வாசகர், குவாத்ர் போர்ன்: துறவிகளைக் காமுகர்களாகக் காட்டுவது சமய நிந்தனை இல்லையா? கடவுள் நம்பிக்கை உள்ளவர்கள் இதை எப்படிப் படிப்பது?

காட்டின் நடுவே இருக்கும் மடம் ஒன்றில் ஜுஸ்தின் பாவமன்னிப்புக் கேட்கும் இடத்தை மீண்டும் ஒருமுறை படித்துப் பாருங்கள். நிம்மதி தேடி நெடுந்தூரம் நடந்து வந்து மண்டியிட்டிருக்கும் அவளிடம், மடத்தின் தலைவர் கனிவாகச் சில கேள்விகள் கேட்கிறார். நீ அநாதைதானா? உனக்கு உறவினரோ நண்பரோ, கடிதம் எழுதக்கூடிய ஒருவரோ உண்டா? நீ இங்கே வருவது யாருக்கெல்லாம் தெரியும்? அவள் ஒவ்வொன்றுக்கும் உண்மையே சொல்கிறாள். தேடி வர ஆளில்லை என்பது உறுதியானதும் கதவு தாழிடப்படுகிறது. ‘தவமறைந்து அல்லவை செய்தல் புதல்மறைந்து வேட்டுவன் புள்சிமிழ்த் தற்று’ என்று வள்ளுவர் சொன்னது இந்தக் காட்சிக்கென்றே சொன்னதுபோல் இருக்கிறது.

எனினும் சாத்துக்கு நாம் சமய முலாம் பூசிவிடக் கூடாது. மொலியேர் தம் ‘தர்த்யூஃப்’ நாடகத்தில் போலி பக்தனை மட்டும் தாக்கினார். அதற்கே 1664 முதல் 1669 வரை பொதுமேடையில் தடை இருந்தது. சாத் அதற்கு மேலும் சென்று கடவுளையே மறுத்தவர். அந்த மறுப்பை மறுப்பாகவே எதிர்கொள்வதுதான் நம்பிக்கையுள்ள வாசகருக்கு அழகு. ஜுஸ்தின் எந்த நிலையிலும் ஜெபிப்பதை விடவில்லை என்பதையும் அவர் கவனிக்கலாம்.

ஓர் இளைஞர், போர்ட் லூயி: என்னோடு வேலை பார்க்கும் கத்தோலிக்க நண்பர், ‘உங்கள் தைப்பூசக் காவடியில் அலகு குத்திக்கொள்வதும் சமயத்தின் பெயரால் நடக்கும் கொடுமைதானே’ என்கிறார். என்ன பதில் சொல்வது?

வலியை யார் ஏற்கிறார், யாருடைய விருப்பத்தால் ஏற்கிறார் என்று கேளுங்கள். காவடி எடுப்பவர் தாமே நேர்ந்துகொண்டு, தாமே விரதம் இருந்து, தம் உடம்பில்தான் அலகு குத்திக்கொள்கிறார். வேண்டாமென்று நினைத்தால் அவர் விலகிக்கொள்ளலாம். சாத்தின் மடத்தில் வலிப்பது அடுத்தவள் உடம்பு, வெளியே போகும் வழியும் இல்லை.

ஆனால் நண்பரிடம் வாதத்தில் வென்றுவிட்ட திருப்தியோடு நின்றுவிடாதீர்கள். பெரிய புராணத்தில் சிறுத்தொண்டர், அடியார் வேடத்தில் வந்தவர் கேட்டார் என்பதற்காக, பள்ளியிலிருந்து அழைத்துவந்த மகன் சீராளனைக் கறியாக்குகிறார். தாய் காலைப் பிடித்துக்கொள்ள, தந்தை அரிகிறார், பிள்ளை சிரித்துக்கொண்டிருக்கிறான். இறைவன் அவனை உயிரோடு திருப்பித் தருகிறான், அடியார் குடும்பத்தோடு கயிலை சேர்கிறார் என்பதெல்லாம் உண்மைதான். ஆயினும் அந்தச் சிரிப்பைப் பிள்ளையின் சம்மதம் என்று கொள்ள என் மனம் இன்றுவரை இடம் தரவில்லை. பிறர் நூலைக் கேட்கும் கேள்வியை நம் நூலையும் கேட்கத்தான் வேண்டும்.

ஒரு வாசகர், மஹெபூர்: நம் தீவிலேயே நடக்கும் ‘போல் எ விர்ஜினி’ போன்ற தூய நூல் இருக்க, இந்தக் கொடூரத்தை ஏன் படிக்க வேண்டும்?

இரண்டையும் அடுத்தடுத்துப் படியுங்கள் என்பதே என் பதில். பெர்னார்தன் தெ சேன்-பியரின் அந்நூல் வெளிவந்தது 1788இல். அடுத்த மூன்றே ஆண்டுகளில் ‘ஜுஸ்தின்’ வந்தது. 1744இல் நம் வடகிழக்குக் கரைக்கு அப்பால் உடைந்த சேன்-ழெரான் கப்பலில் கதாநாயகி விர்ஜினி இருக்கிறாள். ஆடையைக் களைந்தால் காப்பாற்ற முடியும் என்று மாலுமி கெஞ்சியும் மறுத்து, கடலில் மூழ்குகிறாள். இங்கும் நற்குணத்துக்குக் கிடைத்தது மரணம்தான். கண்ணீரோடு சொல்லப்பட்டதால் நாம் அதைத் தூய்மை என்கிறோம்.

அதே நூலில் வேறொரு பகுதி உண்டு, நம் தீவில் பிறந்த எவரும் அதைத் தாண்டிப் போய்விடக் கூடாது. முதுகெல்லாம் சாட்டைத் தழும்போடு ஓர் அடிமைப் பெண் தப்பி வந்து விர்ஜினியிடம் அடைக்கலம் கேட்கிறாள். விர்ஜினி வீட்டாருக்காகச் சமைத்திருந்த காலை உணவை அவளுக்குக் கொடுத்துவிட்டு, நல்ல மனத்தோடு ரிவியேர் நுவார் கரைக்கு அவளை அழைத்துச் சென்று, எஜமானனிடம் மன்னிக்கச் சொல்லி வேண்டுகிறாள். அவனும் விர்ஜினிக்காக மன்னிப்பதாகச் சத்தியம் செய்கிறான். அன்று இரவே செய்தி வருகிறது: அந்தப் பெண் காலில் சங்கிலியோடு மரக்கட்டையில் பிணைக்கப்பட்டு, கழுத்தில் மூன்று முனைகள் கொண்ட இரும்பு வளையத்தோடு கிடக்கிறாள். எஜமானனின் சொல்லை நம்பிய அறம், தப்பியவளை மீண்டும் அவன் கையிலேயே ஒப்படைத்துவிட்டது. சாத் எழுதிய எந்தப் பக்கத்தையும்விட இந்தச் சில வரிகள் என்னை அதிகம் கலங்கவைக்கின்றன.

இது கற்பனையில் மட்டும் இருந்த கொடுமையும் அன்று. இந்தத் தீவுக்கென 1723இல் பிறப்பித்த அரச ஆணை, அடிமைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும் என்றது. ஓடிப்போன அடிமையின் காதுகளை அறுத்துத் தோளில் சூடு போடவும் அதே ஆணை இடம் தந்தது. லபூர்தொனே இங்கே பிரெஞ்சு ஆளுநராக இருந்தபோது புதுச்சேரியிலிருந்து நம் கைவினைஞர்கள் இங்கு வந்தார்கள். இந்தியாவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களும் உண்டு. சாத் தம் கதையின் கொடுமைகளை மூடிய மடத்திலும் கோட்டையிலும் வைத்தார். இங்கோ கரும்புத் தோட்டத்தில், பட்டப்பகலில், சட்டத்தின் துணையோடு அவை நடந்தன. 1835இல்தான் அடிமை முறை ஒழிந்தது.

ஒரு மாணவி, வாக்வா: சாத் சுதந்திரத்துக்காகச் சிறை சென்ற எழுத்தாளர் என்று கொண்டாடுகிறார்களே, சரியா?

பாதி சரி. 1801இல் விசாரணையே இல்லாமல் அவரைப் பிடித்து அடைத்தது அநீதி. 1814இல் ஷராந்தோன் மனநலக் காப்பகத்திலேயே அவர் இறந்தார். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் மரண தண்டனையை எதிர்த்தவரும் அவரே. ஆனால் 1768இல் ஈஸ்டர் ஞாயிறு அன்று, பிச்சையெடுத்துப் பிழைத்த ரோஸ் கெல்லர் என்ற விதவையை வேலை தருவதாகச் சொல்லி அழைத்துச் சென்று, அறையில் பூட்டிச் சவுக்கால் அடித்தவரும் அவர்தான். அவள் சன்னல் வழியாகத் தப்பி ஊராரிடம் முறையிட்டாள். பிறகு பணம் கொடுத்துப் புகாரைத் திரும்பப் பெறவைத்தார்கள். அவரது எழுத்துரிமைக்காக வாதாடலாம், வாதாடவும் வேண்டும். அதற்காக ரோஸ் கெல்லரை அடிக்குறிப்பாக்கிவிட வேண்டியதில்லை.

அதே மாணவி: எந்தப் பதிப்பைப் படிக்கலாம்?

மூன்று வடிவங்கள் உண்டு. 1797இல் வந்தது மிக நீளமானது, மிகக் கொடூரமானதும் கூட. அதன் தொடர்ச்சியான ‘ஜூலியத்’ கதையின் முடிவில் ஜுஸ்தின் மின்னலுக்குப் பலியாவதைக் கொடியவர்கள் கைகொட்டி ரசிக்கிறார்கள். 1791 வடிவத்தில் தங்கையின் சாவைக் கண்ட ஜூலியத் துறவுமடம் புகுகிறாள். பஸ்தில் சிறையில் எழுதி, 1930இல்தான் அச்சேறிய முதல் வடிவம் சிறியது, மொழியும் அடக்கமானது. அதிலிருந்து தொடங்குங்கள்.