வயலை ஈடு வைக்க முதல் ஒரு பேச்சு

ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு தகப்பன் எழுதியிருந்தார். மகள் உயர்தரத்தில் உயிரியல் பிரிவு. மூன்று பாடமும் சித்தி, ஆனால் பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளி மருத்துவத்துக்குக் கிட்டவும் வரவில்லை. ரொறன்ரோவில் இருக்கும் தாய்மாமன், "கொழும்பில் காசு கட்டி பயோமெடிக்கல் சயன்ஸ் படிக்க விடுங்கோ, இனி உலகமே அதுதான்" என்று வீடியோ வீடியோவாக அனுப்புகிறாராம். வயலை ஈடு வைக்கலாமா என்று கேட்கிறார்.

பயப்படாதேங்கோ அண்ணை, பிள்ளைக்கு வழி இருக்கிறது. ஆனால் வயலில் கை வைக்க வேண்டாம்.

மாமா அனுப்புவது பொய்யில்லை. மரபணுவைத் திருத்தி அரிவாள்செல் என்ற இரத்த நோய்க்குச் செய்யும் சிகிச்சைக்கு 2023இல் பிரித்தானியா அனுமதி கொடுத்தது. அதே வருடம் எம்ஆர்என்ஏ தடுப்பூசிக்கு வழி திறந்த கரிகோவுக்கும் வைஸ்மனுக்கும் நோபல் பரிசு. சரி, ஆனால் அந்த மாதிரி ஆய்வுகூடங்களில் ஆராய்ச்சி நடத்துகிறவர்கள் முதல் பட்டத்தோடு நின்றவர்கள் இல்லை. முதல் படிக்கே வயல் போனால் அடுத்த படிக்கு எதைக் கொடுப்பீர்கள்? மாமா கட்டணத்தில் பங்கு போடுகிறாரா, புத்திமதி மட்டும்தானா? முகவர் யாராவது "ஆஸ்பத்திரி லாப்பில் வேலை நிச்சயம்" என்றால், அந்தப் பட்டத்தை இலங்கை மருத்துவ சபை பதிவுக்கு ஏற்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம்.

தாதியம், ஆசிரியம் எல்லாம் ஊரில் எவரும் சொல்லித் தருவார்கள். நான் உங்கள் கடிதத்தில் நீங்களே கவனிக்காத ஒரு வரிக்கு வருகிறேன். சித்தப்பாவின் பொய்க்கால் உரசிப் புண்ணானபோது, மகள் சொக்கெட்டுக்குள், அதாவது எஞ்சிய கால் நுழையும் கூட்டுக்குள், ஒரு பக்கம் மட்டும் துணி மடித்து ஒட்டி அதைச் சரிசெய்தாள் என்று எழுதியிருக்கிறீர்கள். எந்தப் பக்கம் என்று அவளுக்கு எப்படித் தெரிந்தது? அதுதான் ஒரு தொழில். செயற்கைக் கால் கைகளும் உடலைத் தாங்கும் கருவிகளும் செய்து பொருத்துவதற்கு ராகமையில் தனிக் கல்லூரியே இருக்கிறது, மூன்று வருடப் படிப்பு.

அங்கே உடற்கூற்றியலும் படிக்க வேண்டும், பட்டறையிலும் நிற்க வேண்டும். எஞ்சிய காலில் பிளாஸ்டர் துணி சுற்றி அச்சு எடுப்பார்கள். அதற்குள் பிளாஸ்டர் ஊற்றினால் காலின் உருவம் வரும். முழங்கால் சில்லுக்குக் கீழே உள்ள தசைநாண் பாரம் தாங்கும் என்பதால் அந்த இடத்தை அராவிக் குறைப்பார்கள். எலும்பு முனை நோகும் இடத்தில் பிளாஸ்டரைக் கூட்டுவார்கள். அப்புறம் அடுப்பில் சூடேற்றி இளக்கிய பொலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக் தகட்டை அதன்மேல் போர்த்தி, வெற்றிடத்தால் உறிஞ்சி ஒட்ட வைத்தால் சொக்கெட். பாதத்தைப் பூட்டி, ஆளை நடக்கவிட்டு, பாதம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துத் திருகாணியைத் திருப்பிச் சரிபார்ப்பது கடைசி வேலை. உங்கள் மகள் துணியை வைத்துச் செய்ததும் கிட்டத்தட்ட இதுதான்.

முன்னேற்றம் வேண்டுமென்றால் இங்கேயும் இருக்கிறது. கால் அகற்றும்போதே எதிரெதிர்த் தசைகளை ஒன்றோடொன்று இணைத்துவிட்டு, அந்தத் தசைச் சமிக்ஞையால் மோட்டார்க் காலை இயக்கும் முறையின் பலனை அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஹியூ ஹெர் குழு 2024இல் வெளியிட்டது. அப்படிச் செய்துகொண்டவர்களின் உச்ச நடைவேகம், வழமையான முறையில் கால் எடுத்தவர்களைவிட 41 சதவீதம் கூடியிருந்தது. ஹெரே 1982இல் மலையேறப் போய்ப் பனியில் விறைத்து இரண்டு கால்களையும் இழந்தவர். எங்கள் வன்னியில் முரசுமோட்டைச் சேற்றில் அந்த மோட்டார் தாங்குமா என்பது வேறு கதை. வெறுங்காலோடு நடக்கவும் குந்தவும் ஏற்ற ரப்பர்ப் பாதத்தை ஜெய்ப்பூரில் 1968இலேயே செய்துவிட்டார்கள்.

"பொய்க்கால் செய்யிற வேலையா?" என்று சொந்தக்காரர் கேட்பார்கள். கேட்கட்டும். வன்னியில் 2009உடன் சண்டை முடிந்தாலும் கால் தேவைப்படுவது முடியவில்லை. ஒரு கால் சில வருடங்களில் தேய்ந்துவிடும், வளரும் பிள்ளைக்கு அதைவிடச் சீக்கிரம் மாற்ற வேண்டும். நீரிழிவால் கால் எடுப்பவர்கள் வேறு. அளவெடுக்கப் பெண்ணொருத்தி இருந்தால் நல்லது என்று எத்தனை பெண்கள் நினைப்பார்கள், யோசியுங்கள்.

இன்னொன்று. இத்தனை நீளக் கடிதத்தில் மகள் என்ன சொன்னாள் என்று ஒரு வரி இல்லை. அவளிடம் கேட்காமல் எந்த விண்ணப்பமும் நிரப்ப வேண்டாம். யாழ்ப்பாணத்தில் செயற்கைக் கால் செய்யும் நிலையம் இருக்கிறது. முன்கூட்டிக் கதைத்து அனுமதி எடுத்து, சித்தப்பாவோடு அவளையும் ஒரு நாள் அனுப்புங்கள். பிளாஸ்டர்த் தூசியில் நின்றுவிட்டு வந்தும் பிடித்திருக்கிறது என்றால், சேரும் தகைமைகளை வர்த்தமானியில் பாருங்கள். படிப்பு ஆங்கிலத்தில் என்பதால் ஆங்கில வகுப்பை இப்போதே தொடங்கச் சொல்லுங்கள். பிடிக்கவில்லை என்றால் அவளே எனக்கு எழுதட்டும்.