கேள்வி–பதில்: சிங்கப்பூரில் வாடகைக்கு விட எந்தப் பேட்டையில் வீடு வாங்கலாம்?

கேள்வி: செங்காங்கில் நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு, கணவர் பெயரிலும் என் பெயரிலும் இருக்கிறது. இருவரும் குடிமக்கள், வயது 42. கடன் முழுக்க அடைத்தாயிற்று, ஐந்தாண்டுக் கட்டாயக் குடியிருப்புக் காலமும் முடிந்துவிட்டது. 900,000 வெள்ளிக்குள் ஒரு சிறிய கொண்டோ (தனியார் அடுக்குமாடி வீடு) வாங்கி வாடகைக்கு விட ஆசை. எந்த வட்டாரம் நல்லது?
– வாசகி, செங்காங்

பதில்: வட்டாரத்தை அப்புறம் பார்க்கலாம் அம்மா, முதலில் முத்திரை வரியைப் பாருங்கள். குடிமக்கள் வாங்கும் இரண்டாவது வீட்டுக்குக் கூடுதல் முத்திரை வரி 20 விழுக்காடு. 900,000 வெள்ளி வீட்டுக்கு அது 180,000 வெள்ளி. வழக்கமான முத்திரை வரி 21,600 வெள்ளி தனி. இரண்டையும் 14 நாளுக்குள் கட்ட வேண்டும்.

மாதம் 3,000 வெள்ளி வாடகை கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 36,000. நீங்கள் குடியிருக்காத வீடு என்பதால் சொத்து வரி விகிதம் அதிகம்: ஆண்டு மதிப்பில் (வீட்டுக்கு ஆண்டுக்கு எவ்வளவு வாடகை கிடைக்கும் என்ற அரசின் மதிப்பீடு) முதல் 30,000க்கு 12 விழுக்காடு, அடுத்த 15,000க்கு 20 விழுக்காடு. ஆண்டு மதிப்பு 33,600 என்றால் வரி 4,320 வெள்ளி. பராமரிப்புக் கட்டணம் மாதம் 300 வீதம் 3,600. ஈராண்டு ஒப்பந்தத்துக்கு முகவருக்கு ஒரு மாத வாடகையும் பொருள் சேவை வரியும் போகும், ஆண்டுக்கு 1,635 ஆகிறது. ஆள் மாறும்போது வீடு காலியாகக் கிடப்பதற்கு அரை மாதம், 1,500. குளிர்சாதனச் சர்வீஸ், தண்ணீர்ச் சூடேற்றி, சுண்ணாம்பு என 1,200. மிஞ்சுவது 23,745 வெள்ளி. வட்டியும் வருமான வரியும் இதில் இன்னும் கழிக்கப்படவில்லை.

அதாவது கூடுதல் முத்திரை வரியை மட்டும் மீட்க ஏழரை ஆண்டு நிகர வாடகை வேண்டும். 75 விழுக்காடு, அதாவது 675,000 வெள்ளி கடன் வாங்கி, 65 வயதுக்குள் முடியும்படி 23 ஆண்டுத் தவணை போட்டால், 3 விழுக்காடு வட்டியில் மாதத் தவணை சுமார் 3,390 வெள்ளி. எல்லாச் செலவும் சேர்த்தால் மாதம் 1,400 வெள்ளிக்கு மேல் கையைவிட்டுப் போகும். இது இரண்டாவது சொத்து என்பதால், மசேநிதியில் (மத்திய சேம நிதி, அதாவது ஓய்வுக்காலக் கட்டாயச் சேமிப்பு) அடிப்படை ஓய்வுக்காலத் தொகையை ஒதுக்கிய பிறகு எஞ்சுவதைத்தான் இதற்கு எடுக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

வீவக வீடு ஒருவர் பெயரில் மட்டும் இருந்து மற்றவர் குடியிருப்பவராகப் பதிவாகியிருந்தால் கதை வேறு. குடியிருப்புக் காலம் முடிந்தபின் அந்த மற்றவர் தம் பெயரில் மட்டும் வாங்கினால் அது அவருக்கு முதல் சொத்து, கூடுதல் வரி இல்லை. ஆனால் உங்கள் வீடு இருவர் பெயரிலும் இருக்கிறது. ‘ஒரு பெயரை எடுத்துவிடலாமே’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மணமுறிவு போன்ற குறிப்பிட்ட காரணங்கள் இல்லாமல் தம்பதியர் உரிமையை மாற்றிக்கொள்ள வீவக 2016 முதல் விடுவதில்லை. உங்கள் நிலையில் இந்தக் கொண்டோவை வாங்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. வாடகை வருமானம்தான் வேண்டும் என்றால் வீட்டில் ஓர் அறையை வீவக அனுமதியுடன், ஆறு மாதத்துக்குக் குறையாத ஒப்பந்தத்தில் விடுங்கள். கூடுதல் முத்திரை வரியும் இல்லை, கடனும் இல்லை.

கேள்வி: வயது 38, திருமணமாகவில்லை, குடிமகன். பெற்றோருடன் இருக்கிறேன், என் பெயரில் வீடு எதுவும் இல்லை. 850,000 வெள்ளி வரை முடியும். ஒரு முகவர் கேலாங்கில் ஓரறை வீடு காட்டுகிறார். இன்னொருவர் ஈசூனில் பழைய ஈரறை வீடு காட்டுகிறார். எதை எடுக்கலாம்?
– வாசகர், கிளமெண்டி

பதில்: பெற்றோரின் வீவக வீட்டில் நீங்கள் குடியிருப்பவராகப் பதிவாகியிருந்தால், அந்த வீட்டின் குறைந்தபட்சக் குடியிருப்புக் காலம் முடிந்திருக்க வேண்டும். பிறகு திருமணம் செய்து பிடிஓ வீட்டுக்கு (வீவக புதிதாகக் கட்டித் தரும் வீடு) விண்ணப்பிக்க நினைத்தால், இந்தத் தனியார் வீட்டை விற்று 30 மாதம் காத்திருக்க வேண்டும். இரண்டுக்கும் மனம் ஒப்பினால் மேலே படியுங்கள்.

வட்டாரத்தின் பெயரைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அங்கே யார் குடிவருவார், அவருக்கு வேறு என்ன வழி இருக்கிறது என்று பாருங்கள். கேலாங்கில் உள்ள அல்ஜுனிட்டிலிருந்து நகர மையமான ராஃபிள்ஸ் பிளேஸ் ரயிலில் ஐந்து நிலையம். ஈசூனிலிருந்து 13. நகரில் வேலை பார்க்கும் தனி ஆளுக்கு கேலாங் வசதி. ஆனால் வேலை மாறினால் அவரும் மாறிவிடுவார். ஈசூன் ஈரறை வீட்டுக்குக் கூ டெக் புவாட் மருத்துவமனையில் வேலை செய்யும் இருவர் சேர்ந்து வரலாம், பிள்ளை உள்ள குடும்பமும் வரலாம். பிள்ளை பள்ளியில் சேர்ந்துவிட்டால் குடும்பம் எளிதில் வீடு மாறாது. பொங்கோலில் குளோபல் இந்தியன் பள்ளி வளாகத்தைச் சுற்றி இந்தியக் குடும்பங்கள் தேடித் தேடி வீடு எடுப்பது இதனால்தான்.

ஈசூனின் பலவீனம், சுற்றிலும் உள்ள வீவக வீடுகள். முழு நான்கறை வீவக வீடு உங்கள் கொண்டோவைவிட மலிவாகவும் பெரிதாகவும் கிடைக்கும்போது, நீச்சல் குளத்துக்காக மட்டும் யாரும் கூடுதலாகக் கொடுக்க மாட்டார்கள். நிலையத்துக்கு நடந்தே போக முடிந்தால்தான் கொண்டோவுக்கு மதிப்பு. மதியம் ஒரு மணிக்கு, குடை இல்லாமல், வீட்டு வாசலிலிருந்து நிலையக் கதவு வரை நடந்து பாருங்கள். எட்டு நிமிடத்துக்குள் வந்தால் நல்லது. பேருந்து ஏறித்தான் போக வேண்டும் என்றால் விட்டுவிடுங்கள்.

கேலாங்கில் லோரோங் (கிளைத் தெரு) எண்ணைக் கேளுங்கள். கேலாங் சாலைக்கும் கிலமார்ட் சாலைக்கும் இடையே லோரோங் 4 முதல் 22 வரையிலான பகுதியை நகர மறுசீரமைப்பு ஆணையம் 2015ல் குடியிருப்புப் பயன்பாட்டிலிருந்து வணிகப் பயன்பாட்டுக்கு மாற்றியது. இருக்கும் வீடுகள் இருக்கலாம், புதிய குடியிருப்பு வராது. முன்பணம் கொடுப்பதற்கு முன்பே, இந்த முகவரிக்கு எவ்வளவு கடன் தருவீர்கள் என்று வங்கியிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இரட்டைப்படை லோரோங்குகளில் சிவப்பு விளக்குத் தொழில் நடப்பது ஊரறிந்தது. இரவு ஒன்பது மணிக்கு மேல் ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள், ஒரு பெண் வாடகைக்கு வர அஞ்சும் தெருவில் உங்கள் வாடிக்கை பாதியாகக் குறையும்.

வாடகை நிலவரத்துக்கு முகவர் சொல்வதையோ விளம்பரத்தையோ எடுத்துக்கொள்ள வேண்டாம். நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் இணையத்தளத்தில் கொண்டோவின் பெயரைப் போட்டால், கையெழுத்தான வாடகை ஒப்பந்தங்கள் மாதவாரியாக, சதுர அடி வரம்புடன் வரும். உங்கள் வீட்டின் அளவுக்குக் கடந்த ஆறு மாதத்தில் எத்தனை ஒப்பந்தம் என்று எண்ணுங்கள். மாதம் மூன்று ஒப்பந்தம், விளம்பரத்தில் அதே அளவில் காலியாக 15 வீடு என்றால், ஐந்து மாதத்துக்கான வீடுகள் ஏற்கெனவே வரிசையில் நிற்கின்றன. பக்கத்தில் பெரிய கொண்டோ ஏதும் கட்டி முடியப் போகிறதா என்றும் பாருங்கள். நூற்றுக்கணக்கான உரிமையாளர்கள் ஒரே நேரத்தில் ஆள் தேடினால் வாடகை இறங்கத்தான் செய்யும்.

ஓரறை வீட்டின் அளவில் இன்னொரு சிக்கல். சில ஆண்டுகளுக்கு முன் கட்டிய வீடுகளில் பத்திரத்தில் 43 சதுர மீட்டர் என்றிருக்கும், அதில் குளிர்சாதனக் கருவி வைக்கும் மேடையும் பால்கனியும் அடக்கம். அளவுநாடாவை எடுத்துப் போங்கள். இரட்டைக் கட்டில் போட்டபின் அலமாரிக் கதவு திறக்கிறதா என்று அளந்து பாருங்கள். திறக்காவிட்டால் தம்பதியர் யாரும் வர மாட்டார்கள்.

எங்கள் தேர்வு: நடை எட்டு நிமிடத்துக்குள் என்றால் ஈசூன் ஈரறை. விற்கும்போதும் அதற்கு வாங்க ஆள் அதிகம். நடை தூரம் அதிகம் என்றால், அல்ஜுனிட் நிலையத்தை ஒட்டிய, எண் 22ஐத் தாண்டிய ஒற்றைப்படை லோரோங்.

கேள்வி: ஜொகூர் பாருவுக்கு ரயில் வருவதால் உட்லண்ட்ஸில் வாடகை ஏறும் என்கிறார்கள். வாங்கிப்போட்டு இரண்டு ஆண்டில் விற்கலாமா?
– வாசகர், மார்சிலிங்

பதில்: இரண்டு ஆண்டில் விற்பதை மறந்துவிடுங்கள். 2025 ஜூலை 4 முதல் வாங்கிய வீட்டை நான்கு ஆண்டுக்குள் விற்றால் விற்பவர் முத்திரை வரி உண்டு: முதலாம் ஆண்டில் 16 விழுக்காடு, பிறகு 12, 8, 4.

ஜொகூர் பாருவின் புக்கிட் சாகாரிலிருந்து உட்லண்ட்ஸ் நார்த்துக்கு ஐந்து நிமிடப் பயணம், ஒரு திசையில் மணிக்கு 10,000 பேர் வரை போகலாம். இது இரு பக்கமும் வெட்டும். இன்று உட்லண்ட்ஸில் அறை எடுத்திருக்கும் மலேசிய ஊழியர், சொந்த வீட்டிலிருந்தே வந்துபோகத் தொடங்கலாம். அறை வாடகையை நம்பியிருப்பவர்களுக்கு அது இழப்பு. சிங்கப்பூர் அமெரிக்கப் பள்ளிக் குடும்பங்கள் இங்கே வாடகைக்கு வருகின்றன, ஆனால் அவர்கள் தேடுவது மூன்றறைக்குக் குறையாத பெரிய வீடு. சிறிய முதலீட்டில் அவர்களைப் பிடிக்க முடியாது. ரயிலை நம்பி அதிக விலை கொடுக்காதீர்கள்.

கேள்வி: வயது 35. குத்தகையில் 57 ஆண்டு எஞ்சியுள்ள பழைய கொண்டோ ஒன்று மலிவாக வருகிறது, வாடகையும் நன்றாக இருக்கிறது. வாங்கலாமா?
– வாசகி, ஜூரோங் வெஸ்ட்

பதில்: 35ஐயும் 57ஐயும் கூட்டினால் 92. எஞ்சிய குத்தகை உங்களுக்கு 95 வயது ஆகும்வரை வராததால் மசேநிதியை முழு அளவில் எடுக்க முடியாது, விகிதப்படி குறையும். பத்து ஆண்டு கழித்து உங்களிடம் வாங்க வருபவருக்கு அந்தக் கட்டுப்பாடு இன்னும் கடுமையாக இருக்கும். வாடகை நன்றாகத் தெரிவதற்கும் விலை மலிவாக இருப்பதற்கும் காரணம் இதுவே. ‘கொண்டோ முழுவதும் கூட்டாக விற்பனைக்குப் போகும்’ என்ற பேச்சை விலையில் சேர்க்க வேண்டாம், அதற்கு 80 விழுக்காட்டுப் பங்குள்ள உரிமையாளர்கள் ஒப்ப வேண்டும்.

அப்படியும் வாங்குவதென்றால், நிர்வாகக் கழகத்தின் கடைசி இரண்டு ஆண்டுப் பொதுக்கூட்டக் குறிப்புகளை விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள். மின்தூக்கி மாற்றம், நீர்க்குழாய் மாற்றம், வெளிச்சுவர்ச் சாயம் ஆகியவற்றுக்கு ஒதுக்கிய நிதி எவ்வளவு என்று அதில் இருக்கும். நிதி குறைவாக இருந்து வேலை பாக்கி என்றால், வாங்கியபின் உங்கள் பங்குக்குத் தனிக் கட்டணச் சீட்டு வரும். அந்தத் தொகையை இப்போதே விலையில் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள்.