பலகையில் இறங்கும் சிகரம்

கேள்வி: ஏழாயிரம் மீட்டரைத் தாண்டிய சிகரத்திலிருந்து பனிச்சறுக்குப் பலகையிலேயே இறங்க முடியுமா? அதற்கு எப்படித் திட்டமிடுகிறார்கள்?

பதில்: முடியும். சீனாவின் சின்சியாங் பகுதியிலுள்ள, 7,546 மீட்டர் உயரமுள்ள முஸ்தாக் அத்தா சிகரத்தின் மேற்குச் சரிவு அவ்வளவு செங்குத்தானதன்று என்பதால், 1980-இலேயே ஓர் அமெரிக்கக் குழு அதன் உச்சியிலிருந்து சறுக்கி இறங்கியது. ஏறும்போது பலகையின் அடியில் ஒட்டப்படும் 'ஸ்கின்' என்னும் பட்டை பின்னோக்கி வழுக்காமல் பிடித்துக்கொள்ளும். இறங்குமுன் அதை உரித்துவிடுவார்கள். திட்டத்தில் பெரும்பங்கு, என் பார்வையில், நாட்கணக்குதான்: ஜூலை, ஆகஸ்டில் சென்று, மெலிந்த காற்றுக்கு உடல் பழகும்வரை முகாம்களுக்கிடையே ஏறி இறங்கி, தெளிந்த வானிலைக்குக் காத்திருக்கவென்றே உபரி நாட்களையும் அதற்கேற்ற உணவையும் எரிபொருளையும் ஒதுக்க வேண்டும். சரிவு சாதுவாகத் தெரிந்தாலும் பனிப்பிளவுகள் உண்டு; மூடுபனியில் திசை தப்புவதும் எளிது. ஆகவே ஏறும்போதே வழியடையாளக் கொடிகளை நட்டுச் செல்வது அவசியம்.