ஆறு பாட்டிலையும் இரண்டிரண்டாகத் திறவுங்கள்

கேள்வி: வெவ்வேறு நாட்டுச் சிறு தயாரிப்பாளர்களின் ஒயின் ஆறு பாட்டில் வாங்கி, நண்பர்கள் நான்கு பேர் ஒரே மாலையில் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்தோம். மூன்றாவது பாட்டிலுக்கு மேல் எல்லாம் ஒன்றுபோலவே இருந்தது. ஒன்றில் நனைந்த அட்டைப்பெட்டி வாடை, இன்னொன்று கலங்கல். "சிறு தயாரிப்பு என்றால் அப்படித்தான்" என்கிறார் ஒரு நண்பர். எது இயல்பு, எது கெட்டது? அடுத்த முறை ஊருக்கு ஊர் உள்ள வேறுபாட்டைப் பிடிக்க என்ன செய்ய வேண்டும்? லேபிளைப் பார்த்து உண்மையான சிறு தயாரிப்பாளரை அடையாளம் காண முடியுமா?

பதில்: ஒன்றைக் குடித்து முடித்துவிட்டு அடுத்ததைத் திறந்ததுதான் சிக்கலுக்குக் காரணம். மணத்தை மனதில் பிடித்து வைத்திருப்பது யாருக்கும் எளிதல்ல. கால் மணி நேரத்துக்கு முன் முகர்ந்தது இப்போது வெறும் "நன்றாக இருந்தது" என்ற அளவுக்குத் தேய்ந்திருக்கும். இரண்டு கிளாஸ்களை அருகருகே வைத்து மாறி மாறி முகர்ந்தால், இதுவரை ஒயினே குடிக்காதவருக்குக்கூட வேறுபாடு பட்டென்று தெரியும். அதனால் அடுத்த முறை ஆறு பாட்டிலையும் மூன்று ஜோடிகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு ஜோடியில் திராட்சை ரகம் ஒன்றே, ஊர் மட்டும் வேறு. ரகமும் ஊரும் ஆண்டும் சேர்ந்து மாறினால், தெரியும் வேறுபாடு எதனால் வந்தது என்று சொல்லவே முடியாது.

முதல் ஜோடிக்கு ரீஸ்லிங் என்ற வெள்ளைத் திராட்சை ரகம் பொருத்தம். ஜெர்மனியின் மோசெல் பள்ளத்தாக்கில் விளைந்த 'கபினெட்' என்ற மென்மையான வகை ஒன்று, ஆஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கில் விளைந்த இனிப்பில்லாத ரீஸ்லிங் ஒன்று. வாங்கும்போதே லேபிளில் ஆல்கஹால் அளவைப் பாருங்கள். மோசெலில் 8 அல்லது 9 சதவீதம் என்றிருந்தால், சர்க்கரை முழுவதும் ஆல்கஹாலாக மாறும் முன்பே நொதித்தல் நின்றுவிட்டது என்று பொருள்; மீந்த சர்க்கரை ஒயினிலேயே இருக்கும். 'ட்ரோக்கன்' என்று போட்டிருந்தால் இனிப்பில்லாதது, அதில் ஆல்கஹாலும் கூடுதலாக இருக்கும். இந்த ஜோடியில் கிளேரை முதலில் சுவையுங்கள். இனிப்பை முதலில் குடித்துவிட்டால் அடுத்தது தேவைக்குமேல் புளித்துத் தோன்றும்.

இரண்டாவது ஜோடி ஷார்தொனே, இதுவும் வெள்ளை ரகம். பிரான்சில் பர்கண்டியின் வடகோடியிலுள்ள ஷாப்ளி குளிர்ந்த ஊர். அங்கே பெரும்பாலும் ஸ்டீல் தொட்டியில்தான் ஒயின் வைக்கிறார்கள். அதற்கு ஜோடியாக, வெயில் அதிகமுள்ள வேறோர் ஊரில் விளைந்து, புதிய ஓக் பீப்பாயில் இருந்த ஷார்தொனேயை வையுங்கள். முன்னதில் எலுமிச்சைத் தோலும் பச்சை ஆப்பிளும் கூர்மையான புளிப்பும். பின்னதில் பழுத்த பழம், வறுத்த ரொட்டி, வனிலா, சில நேரம் வெண்ணெய். அந்த வெண்ணெய் மணம் திராட்சையிலிருந்து வருவதில்லை. ஒயினிலுள்ள மாலிக் அமிலத்தை பாக்டீரியா லாக்டிக் அமிலமாக மாற்றும்போது டையசெட்டில் என்ற பொருள் உண்டாகிறது. அதன் மணம்தான் அது. வனிலா மணம் பீப்பாயின் மரத்திலிருந்து வருவது. ஆக "ஊரின் சுவை" என்று நாம் சொல்வதில் பாதி, தயாரித்தவர் எடுத்த முடிவு. இதை மறந்துவிட்டு மண்ணையே புகழ்பவர்கள் அதிகம்.

மூன்றாவது சிரா என்ற சிவப்பு ரகம். பிரான்சில் வடக்கு ரோன் பகுதியின் கோர்னாஸ் அல்லது சேன் ஷோசெஃப் ஒரு பக்கம், ஆஸ்திரேலியாவின் பரோசா மறுபக்கம். அங்கே இதே ரகத்துக்கு ஷிராஸ் என்று பெயர். ரோன் ஒயினில் அரைத்த மிளகு மணம் தூக்கலாக வரும். அந்த மணத்துக்குக் காரணமான ரோட்டண்டோனை 2008-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள்தான் அடையாளம் கண்டார்கள். உண்மையான மிளகிலும் அதே பொருள்தான் இருக்கிறது. ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு அது முகர்வில் தெரிவதே இல்லை. எனவே உங்கள் மேசையில் ஒருவர் "மிளகா? எங்கே?" என்று கேட்டால் அவரைக் கேலி செய்யாதீர்கள்.

இனி அளவும் முறையும். ஐ.எஸ்.ஓ. 3591 என்ற தரத்தில் 1977-இல் வரையறுத்த சுவைப்பு கிளாஸ் சுமார் 215 மில்லி கொள்ளும். அதில் ஊற்றுவது 50 மில்லிதான். வாய் குறுகி அடி அகன்ற எந்தக் கிளாஸும் போதும், ஆனால் மேசையில் எல்லாம் ஒரே வடிவமாக இருக்கட்டும். கிளாஸ் அலமாரியில் கவிழ்த்து வைத்திருந்தால் மரவாடையும் துணிவாடையும் உள்ளே அடைந்திருக்கும். ஊற்றும் ஒயினிலேயே ஒரு மேசைக்கரண்டி விட்டுச் சுழற்றிக் கொட்டிவிடுங்கள். இத்தாலியில் நல்ல ஒயினுக்கு இப்படிச் செய்யும் வழக்கம் உண்டு.

நான்கு பேருக்கு ஆறு ஒயின் என்றால் ஆளுக்கு மொத்தம் 300 மில்லி. எல்லாவற்றையும் விழுங்கினால் நான்காவதிலேயே நாக்கு மந்தமாகிவிடும். உங்களுக்கு நேர்ந்ததில் இதற்கும் பங்கிருக்கும். துப்புவதற்கு ஆளுக்கொரு காகிதக் கோப்பை வையுங்கள். வண்டி ஓட்ட வேண்டியவர் துப்பியே தீர வேண்டும்.

வெப்பநிலையைப் பெரும்பாலானோர் கவனிப்பதில்லை. வெள்ளை ஒயின் 8 முதல் 12 டிகிரி, கனமான சிவப்பு 16 முதல் 18 டிகிரி செல்சியஸ். குளிர்பதனப் பெட்டியிலிருந்து வெள்ளையை எடுத்தவுடன் ஊற்றினால் அது 4, 5 டிகிரியில் இருக்கும்; மணம் எழும்பாது, புளிப்பு மட்டும் குத்தும். கால் மணி நேரம் முன்பே வெளியே எடுத்து வையுங்கள். சிவப்பில் நடக்கும் தவறு நேரெதிர்: "அறை வெப்பநிலை" என்ற பேச்சை நம்பி 28 டிகிரியில் ஊற்றுகிறார்கள், ஆல்கஹால் மூக்கில் ஏறி மற்ற மணத்தையெல்லாம் மூடிவிடுகிறது. ஒரு மணி நேரத்துக்குச் சற்றுமேல் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் சரியாகிவிடும்.

பாட்டில்களைக் காகிதத்தில் சுற்றிவிடுங்கள். ஒருவர் சுற்றட்டும், இன்னொருவர் எண் போடட்டும்; அப்போதுதான் யாருக்கும் தெரியாது. லேபிள் மட்டுமல்ல, நிறமும் ஏமாற்றும். பிரான்சின் போர்தோவில் நடந்து 2001-இல் வெளியான ஓர் ஆய்வில், வெள்ளை ஒயினில் மணமற்ற சிவப்பு நிறமியைக் கலந்து ஒயின் படிக்கும் மாணவர்கள் 54 பேரிடம் கொடுத்தார்கள். சிவப்பு ஒயினுக்குச் சொல்லும் சொற்களையே அவர்கள் எழுதித் தந்தார்கள்.

கிளாஸை ஆட்டாமல் முதலில் ஒருமுறை முகருங்கள். பிறகு மேசைமீது வைத்தே மூன்று, நான்கு சுற்று சுழற்றி மீண்டும் முகருங்கள். இரண்டு தேக்கரண்டி அளவு வாயில் எடுத்துப் பத்து விநாடி உருட்டி, உதட்டைச் சற்றுத் திறந்து காற்றை உள்ளிழுத்து, துப்புங்கள். கவனிக்க வேண்டியவை நான்கே. கன்னத்தின் உட்புறம் எச்சில் எவ்வளவு ஊறுகிறது என்பது புளிப்பு. ஈறும் உதட்டின் உட்பக்கமும் உலர்ந்து இழுப்பது துவர்ப்பு. ஒயின்காரர்கள் டானின் என்று சொல்வதன் விளைவு இதுதான், இதற்கு நமக்குச் சொல் தேடவே வேண்டியதில்லை. தொண்டையில் பரவும் சூடு ஆல்கஹால். கடைசியாக, துப்பிய பிறகு சுவை எத்தனை விநாடி நிற்கிறது என்று எண்ணுங்கள். பிரெஞ்சுக்காரர்கள் இதற்கு அலகே வைத்திருக்கிறார்கள்: ஒரு விநாடிக்கு ஒரு கோதாலி. குறிப்பை முதலில் எழுதுங்கள், பேச்சு பிறகு. குழுவில் முதலில் வாய் திறப்பவர் "செர்ரி" என்றால் எல்லோருக்கும் செர்ரிதான் மணக்கும்.

இந்த நான்கையும் பிரித்தறிய நாக்கு பழகவில்லை என்றால், முந்தைய நாள் ஒரு சிறு பயிற்சி செய்யலாம். விலை மலிந்த, இனிப்பில்லாத வெள்ளை ஒயினை 200 மில்லி வீதம் ஐந்து கிளாஸில் ஊற்றுங்கள். ஒன்றை அப்படியே விடுங்கள். இரண்டாவதில் ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு. மூன்றாவதில் ஒரு தேக்கரண்டி சர்க்கரை; இது லிட்டருக்கு ஏறத்தாழ 20 கிராம் ஆகும். நான்காவதில் பத்து நிமிடம் ஊறவிட்டு ஆறவைத்த கடுங்கட்டன் தேநீர் இரண்டு மேசைக்கரண்டி. ஐந்தாவதில் 20 மில்லி வோட்கா. 12 சதவீத ஒயின் இதனால் 14.5 சதவீதமாகிவிடும். ஒவ்வொன்றையும் முதல் கிளாஸோடு ஒப்பிட்டுச் சுவையுங்கள். அரை மணி நேரத்தில் கிடைக்கும் இந்தத் தெளிவு பத்து புத்தகம் படித்தாலும் கிடைக்காது. இடையிடையே தண்ணீரும் உப்பில்லாத ரொட்டியும் போதும். சீஸ் துவர்ப்பை மூடிவிடும் என்பதால் சுவைப்பு முடிந்த பிறகு வையுங்கள்.

இப்போது உங்கள் நனைந்த அட்டைக்கு வருவோம். அது கார்க் கோளாறாக இருக்க வாய்ப்பு அதிகம். கார்க்கில் உண்டாகும் டி.சி.ஏ. என்ற பொருள் லிட்டருக்குச் சில நானோகிராம் இருந்தாலே மூக்குக்குத் தெரியும். பெரிய நிறுவனம், சிறு தோட்டம் என்ற வேறுபாடு இதற்குக் கிடையாது. இயற்கைக் கார்க் அடைத்த யாருக்கும் நேரும். இதனால் உடலுக்குக் கேடில்லை, ஆனால் பழமணம் அமுங்கி ஒயின் ஊமையாகிவிடும். முதல் முகர்வை நம்புங்கள், ஏனென்றால் மூக்கு இதற்கு விரைவில் பழகி உணராமல் போய்விடும். சந்தேகமாக இருந்தால் கிளாஸைக் கால் மணி நேரம் விட்டுவிட்டு வேறொன்றை முகர்ந்து திரும்பி வாருங்கள். வாடை அப்படியே இருந்தாலோ கூடியிருந்தாலோ கார்க்தான்; வாங்கிய இடத்தில் திருப்பிக் கொடுக்கலாம்.

அதுவே அழுகிய முட்டை அல்லது எரிந்த தீக்குச்சி வாடை என்றால் கதை வேறு. நொதித்தலின்போது ஈஸ்ட் உண்டாக்கிய கந்தகச் சேர்மங்கள் காற்றுப்படாத பாட்டிலில் அடைந்து கிடக்கின்றன. டிகான்டர் என்ற அகன்ற கண்ணாடிக் குடுவையில் ஊற்றி நன்றாகச் சுழற்றினால் அரை மணி நேரத்தில் பெரும்பாலும் பறந்துவிடும். உறுதிசெய்ய வேண்டுமானால் ஒரு கிளாஸில் சுத்தமான செம்புத் துண்டை அரை நிமிடம் சுழற்றி முகருங்கள்; வாடை குறைந்தால் காரணம் கந்தகம். அந்தக் கிளாஸைக் குடிக்காமல் கொட்டிவிடுங்கள்.

கலங்கல் தனியாக வந்தால் கவலை வேண்டாம். வடிகட்டாமல் அடைத்த ஒயின் கலங்கலாகத்தான் இருக்கும்; அடியில் கண்ணாடித் தூள்போல மின்னுவது டார்டாரிக் உப்பின் படிகம். பாட்டிலை ஒரு நாள் நிமிர்த்தி வைத்து, கழுத்துக்குப் பின்னால் விளக்கு வைத்து மெதுவாக ஊற்றினால் மண்டி பாட்டிலிலேயே நின்றுவிடும். ஆனால் நுரைக்கக் கூடாத ஒயினில் கலங்கலோடு நுரையும் எழுந்தால், பாட்டிலுக்குள் மறுபடி நொதித்திருக்கிறது. நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் வாடை தூக்கலாக அடித்தால் காடியாகும் வழியில் போய்க்கொண்டிருக்கிறது.

கெடாமல் காக்கும் கந்தகம் சேர்க்காத சிறு தயாரிப்புகளில் அடிக்கடி வரும் தந்திரக் கோளாறு ஒன்று உண்டு: எலிவாடை. முகர்ந்தால் எதுவும் தெரியாது. விழுங்கிப் பத்து, இருபது விநாடி கழித்து எலிக்கூண்டு போன்ற ஒரு நாற்றம் தொண்டையிலிருந்து எழும். ஒயினின் அமிலத்தன்மையில் அந்தப் பொருள் ஆவியாவதில்லை. எச்சில் கலந்து அமிலம் தணிந்த பிறகே வெளிப்படுகிறது. புறங்கையில் இரண்டு சொட்டுத் தேய்த்து முகர்ந்தால் அதே காரணத்தால் முன்கூட்டியே பிடித்துவிடலாம். இது "இயற்கை ஒயினின் குணம்" என்று யார் சொன்னாலும் ஏற்காதீர்கள், இது கோளாறுதான். மாறாக, ஜார்ஜியாவில் மண்ணில் புதைத்த க்வெவ்ரி பானையில் தோலோடு மாதக்கணக்கில் ஊறிய அம்பர் நிற ஒயின் துவர்ப்பது கோளாறல்ல. தோலின் டானின் வெள்ளைத் திராட்சையிலும் இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான். அந்தப் பானை முறையை யுனெஸ்கோ 2013-இல் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

லேபிள் விஷயம் சுருக்கமாக. ஷாம்பெய்னில் பொடி எழுத்தில் ஒரு பதிவு எண்ணும் அதன்முன் இரண்டு எழுத்தும் இருக்கும். ஆர்.எம். என்றால் தானே விளைவித்துத் தானே தயாரித்தவர், என்.எம். என்றால் திராட்சையை வெளியில் வாங்கவும் செய்யும் நிறுவனம், சி.எம். என்றால் கூட்டுறவு. ஜெர்மனியில் 'குட்ஸ்அப்ஃபூலுங்' (தோட்டத்திலேயே பாட்டிலில் அடைத்தது) என்பது சொந்தத் தோட்டத்துத் திராட்சைக்குத்தான் பொருந்தும். பிரான்சில் அதே பொருள்படும் 'மீஸ் ஆன் புத்தேய் அ லா ப்ரொப்ரியெத்தே' என்ற வரியைக் கூட்டுறவுகளும் போடலாம் என்பதால் அதை மட்டும் நம்ப முடியாது. தயாரித்தவர் பெயரும் ஊரும் அடுத்து வருகிறதா என்று பாருங்கள்.

ஆளுக்கு 50 மில்லி ஊற்றியபின் ஒவ்வொரு பாட்டிலிலும் 550 மில்லி மீந்திருக்கும். மாலை தொடங்கும்போதே, பாட்டிலைத் திறந்தவுடன், கழுவி உலர்த்திய 375 மில்லி அரைப் பாட்டிலில் கழுத்துவரை நிரப்பி மூடிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். மறுநாள் அதே ஜோடியை, இம்முறை லேபிளைப் பார்த்தபடி, முதல் நாள் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு சுவையுங்கள். முதல் நாள் இறுக்கமாக இருந்த வடக்கு ரோன் சிரா மறுநாள் திறந்துகொள்வதும், முதல் நாள் ஆர்ப்பாட்டமாக மணத்த ஒன்று சோர்ந்துவிடுவதும் அடிக்கடி நடக்கும்.